வீட்டு சர்வரில் 4கே வீடியோ: கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்...

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை சர்வராக வைத்திருக்கிறேன். அதிலுள்ள 4கே வீடியோவை டிவியில் பார்த்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டாக ஒன்று சொல்." இதற்கு ஒரு கார்டின் பெயரை மட்டும் பதிலாகச் சொல்வது தவறு. அப்படிப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போய்ப் பணத்தை வீணடித்தவன் நான். சாஃப்ட்வேர் இஞ்சினியராக வேலை பார்த்துக்கொண்டே இந்தத் தவறைச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் திருமண வீடியோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்த ஆயாவால் மண்டபத்திற்கு வர முடியவில்லை. காத்திவாக்கம் வீட்டில் ஹாலில் இருக்கும் பழைய டிவியில் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய கம்ப்யூட்டரில் நிறுவி, டிவியில் இணைத்து ஓட விட்டேன். மாப்பிள்ளை அழைப்பு வரை இழுத்து இழுத்து வந்தது. தாலி கட்டும் நேரம் பார்த்துப் படம் நின்றே விட்டது. "கரண்ட் போயிடுச்சாடா?" என்று கேட்டார் ஆயா.

கரண்ட் போகவில்லை. என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அந்த ஃபைல் 4கே அளவில், ஹெச்.265 (இதையே ஹெச்.இ.வி.சி. என்றும் சொல்வார்கள்) முறையில் சுருக்கப்பட்டது. எங்கள் டிவிக்கோ பழைய ஹெச்.264 முறை மட்டும்தான் தெரியும். எனவே சர்வர் அந்த ஃபைலை விரித்து, சிறிதாக்கி, ஹெச்.264 முறையில் மீண்டும் சுருக்கி, டிவிக்கு அனுப்ப வேண்டும். இதைத்தான் டிரான்ஸ்கோடிங் என்கிறோம். 4கே படம் ஒன்றில் 3840 x 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 25 படங்கள் என்றால் 20 கோடிப் புள்ளிகளுக்கு மேல். இதை ஓடுகிற ஓட்டத்திலேயே செய்து முடிக்க வேண்டும். என் சர்வரில் இருந்த நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர் வினாடிக்கு ஏழெட்டுப் படங்களுக்கு மேல் தாண்டவில்லை.

உடனே ரிச்சி தெருவிற்குப் போனேன். "4கே வீடியோ ஓடுமா?" என்று கேட்டு, சிறிய கார்டு ஒன்றை வாங்கி வந்தேன். மாட்டிய பிறகும் அதே நிலைதான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த கார்டு 4கே வீடியோவை விரித்துத் திரையில் காட்டும். ஆனால் மீண்டும் சுருக்கி அனுப்பும் பகுதி அதில் கிடையாது. நான் கேட்ட கேள்விதான் தவறு.

டீகோடர் வேறு, என்கோடர் வேறு

புதியவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கிராபிக்ஸ் சிப்பில் கேம்ஸ் ஓட்டும் பகுதி தனி. வீடியோவை விரிக்கும் டீகோடர் தனி. சுருக்கும் என்கோடர் தனி. கேம்ஸில் வேகமான கார்டு டிரான்ஸ்கோடிங்கிலும் வேகமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். விடியோ ரேம் 8 ஜிபியா, 12 ஜிபியா என்பதும் இங்கே பெரிய விஷயம் இல்லை. எந்தத் தலைமுறை என்கோடர் உள்ளே இருக்கிறது என்பதே கேள்வி.

என்விடியாவின் ஜிடி 1030 கார்டில் என்கோடரே இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகியவை 2022ல் வந்தவை, அவற்றிலும் இல்லை. ஜிடிஎக்ஸ் 1650 முதலில் வந்தபோது அதில் ஒரு தலைமுறை பழைய என்கோடர்தான் இருந்தது. அதே 2019ல் பின்னர் வந்த 1650 சூப்பரில் புதியது இருக்கிறது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம்! இந்த விவரங்களைத் தயாரிப்பாளர்கள் அட்டவணையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். கார்டு பெட்டியின் மேல் மட்டும் தேடாதீர்கள்.

கார்டு தேவையா என்று முதலில் பாருங்கள்

ஜெல்லிஃபினில் வீடியோ ஓடும்போது டேஷ்போர்ட் பக்கத்தைத் திறந்தால், ஃபைல் நேரடியாகப் போகிறதா, டிரான்ஸ்கோட் ஆகிறதா, ஆனால் எந்தக் காரணத்தால் என்று காட்டும். டிவிக்கு ஹெச்.265 தெரியாததுதான் காரணம் என்றால், அதைப் புரிந்துகொள்ளும் ஒரு டிவி ஸ்டிக்கை வாங்கி மாட்டினால் கதை முடிந்தது. பல வீடுகளுக்கு இதுவே போதும்.

அடுத்து, உங்கள் பிராசசரைப் பாருங்கள். இன்டெல் 2011லேயே குவிக் சிங்க் என்ற வசதியைப் பிராசசருக்குள் வைத்துவிட்டது. ஏழாம் தலைமுறையிலிருந்து 10 பிட் ஹெச்.265 வீடியோவையும் அது கையாளும். பிராசசர் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் மட்டும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கு இந்த வசதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. தெரியாமல் கார்டு தேடுகிறார்கள்.

எனக்கு அதுவே தீர்வாகவும் ஆனது. வாங்கிய கார்டை விற்றுவிட்டு, அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த சிறிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். அதில் ஐ3-8100 பிராசசர். தனி கார்டு எதுவும் இல்லாமலேயே ஓடுகிறது.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

திருவொற்றியூரில் இருக்கும் என் நண்பனிடம் இருப்பது எஃப் வகைப் பிராசசர். அவனுக்கு இன்டெல் ஆர்க் ஏ380 கார்டைச் சொன்னேன். 2022ல் வந்த இந்த கார்டு, ஏவி1 என்ற புதிய முறையில் சுருக்கும் என்கோடருடன் வெளிவந்தது. அதன் தம்பியான ஏ310 போதுமானது. சில ஏ310 கார்டுகளுக்குத் தனி பவர் ஒயரும் வேண்டாம். லினக்ஸ் போடுகிறவர்கள் கெர்னல் 6.2 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய மதர்போர்டில் ஆர்க் கார்டு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே 1650 சூப்பர் போன்ற பழைய என்விடியா கார்டு தொல்லை தராது. ஆனால் உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அதற்கான 6 பின் ஒயர் இருக்க வேண்டும்.

மின்சாரத்தையும் கணக்கிடுங்கள். சர்வர் இரவும் பகலும் ஓடும். கார்டு சும்மா இருக்கும்போதே 20 வாட் கூடுதலாக எடுத்தால், 60 நாட்களில் ஏறத்தாழ 29 யூனிட். 60 வாட் என்றால் 86 யூனிட். யூனிட் கூடக் கூட அடுத்த கட்டண நிலைக்குத் தள்ளிவிடும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு புறம் கடல், மறுபுறம் கால்வாய், அதைத் தாண்டினால் அனல் மின் நிலையம். உப்புக் காற்றும் சாம்பல் தூளும் சேர்ந்து கார்டின் ஃபேனில் பசை போல ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் ஓரத்தில் சர்வரை வைக்காதீர்கள். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். கார்டு திடீரென்று தெரியாமல் போனால், கரண்டை நிறுத்திக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். பாதி நேரம் சரியாகிவிடும்.

செட்டிங் மாற்றாமல் விட்டுவிடாதீர்கள்

கார்டை மாட்டியதும் தானாக வேலை செய்யாது. ஜெல்லிஃபின் டேஷ்போர்டில் பிளேபேக், டிரான்ஸ்கோடிங் என்ற பகுதிக்குச் சென்று, இன்டெல் என்றால் குவிக் சிங்க், என்விடியா என்றால் என்விஎன்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே ஹெச்.264, ஹெச்.இ.வி.சி., 10 பிட் ஹெச்.இ.வி.சி. ஆகியவற்றிற்கு டிக் செய்து சேவ் செய்யுங்கள். பிளெக்ஸ் என்ற மென்பொருளில் இந்த வசதிக்குக் கட்டணம் உண்டு, ஜெல்லிஃபினில் இல்லை.

பின் ஒரு வீடியோவை ஓடவிட்டு, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பகுதியைப் பாருங்கள். என்விடியா கார்டு என்றால் வீடியோ டீகோட், வீடியோ என்கோட் என்ற இரண்டு கோடுகளும் மேலே எழ வேண்டும். டீகோட் மட்டும் எழுந்து, என்கோட் அசையாமல் பிராசசர் 100 சதவீதத்தில் இருந்தால், நான் முதலில் வாங்கிய மாதிரி கார்டு உங்களிடம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் வீடியோ தடையில்லாமல் ஓடிய அன்று மாலை, ஆயாவுக்கு முகூர்த்தத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. பிராசசர் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை.