நூலுக்குப் பின்னால் உள்ள கைகள்

திருப்பூரில் உருவாகும் ஒரு பனியன், கடைக்கு வருமுன் பல கைகளைக் கடக்கிறது. நூற்பாலையில் பஞ்சு நூலாகிறது. பின்னலகத்தில் நூல் துணியாகிறது. சாயப்பட்டறையில் துணி நிறம் பெறுகிறது. வெட்டுதலும் தைத்தலும் பிசிறு நீக்கலும் அதன் பிறகே. இருபது தையல் எந்திரங்களைக் கொண்டு தொழில் நடத்தும் சிறு உற்பத்தியாளர் நேரில் காண்பது இந்த இறுதிப் பணிகளை மட்டுமே. தாம் வாங்கும் நூலை யார் நூற்றார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பவற்றை அவர் பெரும்பாலும் அறியார். முகவர் கூறுவது விலையையும் தரத்தையும்தான்.

அவர் அறியாத அந்த இடத்தில் நடந்ததற்குச் சான்று, 'சுமங்கலித் திட்டம்'. பெயரில்தான் எத்தனை மங்கலம்! தமிழகத்தின் நூற்பாலைகள் சிலவற்றில், வறிய குடும்பத்து இளம்பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டனர். ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும்; மாதந்தோறும் சிறு தொகை கிடைக்கும்; ஒப்பந்தம் முடிந்ததும் திருமணச் செலவுக்கென மொத்தத் தொகை வழங்கப்படும். பரிசுபோலத் தோன்றிய அத்தொகை, உண்மையில் பிடித்து வைக்கப்பட்ட அவர்களது கூலியே. நோயுற்று இடையில் வீடு திரும்பியோர் பலர் அதனை இழந்தனர். விடுதி வாயிலைத் தாண்டவும் அனுமதி வேண்டியிருந்தது.

'அவர்கள் விரும்பித்தானே வந்தார்கள்?' என்று சிலர் கேட்பதுண்டு. வலுக்கட்டாய உழைப்பை நம் அரசியலமைப்பின் 23ஆவது உறுப்பு தடைசெய்கிறது. வறுமை நெருக்க, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று ஒருவர் உழைப்பதும் வலுக்கட்டாய உழைப்பே என 1982இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே, விருப்பம் என்னும் வாதம் இங்கு எடுபடாது.

சிறு உற்பத்தியாளர் என்ன செய்ய இயலும்? பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இது குறித்து ஆண்டறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. அதனால் அயல்நாட்டுக் கொள்முதலாளர்கள் வினாப்படிவங்களை அனுப்புகின்றனர். கணக்கர் அமர்ந்து எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று எழுதி அனுப்பிவிடுவதால் ஒருவரது தளையும் அறுபடாது. நூல் மூட்டையில் உள்ள ஆலையின் பெயரைக் குறித்துவைத்து, ஒருமுறை நேரில் சென்று வருவது அதனினும் பயன்தரும். அங்கு மேலாளரிடம் கேட்பதைவிட, வாயிலுக்கு வெளியே தொழிலாளரிடம் கேட்பது நன்று. நாளையே வேலையை விட்டு விலக முடியுமா? விலகினால் இதுவரை உழைத்த கூலி கைக்கு வருமா? இவ்விரண்டு வினாக்களே பெரும்பாலானவற்றை வெளிப்படுத்திவிடும்.

தம் கூடத்தையும் அவர் பார்க்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்ததாரர் அழைத்துவரும் தொழிலாளரின் ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது? கூலி அவர்தம் வங்கிக் கணக்குக்கே செல்கிறதா, ஒப்பந்ததாரர் கைக்கா? இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் பேசுவதில்லை. கட்டுப்படியாகாத விலைக்கு ஓரிரவில் தைத்துத் தருமாறு வேறொரு சிறு பட்டறையை அவர் நெருக்கினால், அங்கே கூலி குறைவதற்கு அவரும் காரணராகிறார்.

கொத்தடிமை முறை இருப்பது தெரியவந்தால், அந்த ஆலையுடனான வணிகத்தை ஓசையின்றி முறித்துக்கொள்வதால் தொழிலாளர் விடுபடமாட்டார். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைக்க வழிசெய்துள்ளது. மீட்கப்பட்டவர் தாம் பெற்ற முன்பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. அக்கடன் அச்சட்டத்தாலேயே அற்றுப்போகிறது.