குடியேறினாரும் பத்திரிகைகளும்

பிற இடத்திலிருந்து பிழைக்க வந்தோரை எதிர்த்து எழும் அரசியல் தலைவர் ஒருவரைப் பொதுமக்கள் எவ்வாறு அறிகின்றனர்? அவரை நேரிற் கண்டவர் சிலர்; அவர் சொற்பொழிவை முற்றுங் கேட்டவர் அவரினுஞ் சிலர். ஏனையோர் பத்திரிகை காட்டிய அளவிலேயே அவரை அறிகின்றனர். ஆதலின், இத்தகைய தலைவரைக் குறித்த பொதுஜன அபிப்பிராயம் உருவாகும் முறையை மாணவராயினார் ஆராய்ந்தறிதல் வேண்டும். பத்திரிகை அவரைப் புகழ்கின்றதா, இகழ்கின்றதா என்பது முதல் வினா அன்று. அவர் எழுப்பிய வினாவை, அவர் எழுப்பியவாறே அது ஏற்றுக்கொள்கின்றதா என்பதே முதல் வினாவாகும்.

குடிபெயர்தல் உலகில் புதிதன்று. மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரி செல்லும் கடற்கரைச் சாலையில் கூனிமேடு என்னும் சிற்றூர் உளது. அச்சிற்றூரிலும் 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலக் கும்பினியார் பண்டகசாலை வைத்து வாணிகம் நடத்தினர். இக்கரையின் உப்புத்தொழிலோ வெயிலை நம்பியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கின் தொழில் நின்றுபோம். உழைப்பாளர் வேறு வேலை நாடுவர். வருவோரும் போவோரும் இல்லாத ஊர் யாண்டும் இல்லை என்க.

இனி, தமிழர் தாமே வந்தேறிகள் எனப் பட்ட ஓர் உதாரணத்தை நோக்குவோம். பால் தாக்கரே என்பார் பம்பாயில் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' என்னும் ஆங்கில நாளிதழில் கேலிச்சித்திரம் வரைந்துவந்தவர். 1960ஆம் ஆண்டில் அப்பணியை விடுத்து, 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழைத் தொடங்கினார். அக்காலத்தில் கல்வி கற்றும் வேலை பெறாத மராத்தி இளைஞர் பலர் அந்நகரில் இருந்தனர். அவர்தம் குறை பொய்யன்று. அக்குறைக்குக் காரணமாகத் தென்னாட்டாரைச் சுட்டியது அவ்விதழ். தொலைபேசிப் புத்தகம் முதலியவற்றினின்று அதிகாரிகளின் பெயர்களைத் திரட்டி, 'படித்துவிட்டுச் சும்மா இருங்கள்' என்னும் பொருள்படும் ஏளனத் தலைப்பின்கீழ் வாரந்தோறும் வெளியிட்டது. 1966ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சிவசேனை தோன்றிற்று. கட்சி பிறக்குமுன்னரே அதற்கு வாசகர் கூட்டம் ஒன்று ஆயத்தமாயிருந்தது என்பது கருதத்தக்கது.

அப்பட்டியலில் இருந்த பெயர்கள் மெய்யான பெயர்களே. பின்னர்ப் பிழை யாண்டு உளது? கூனிமேட்டுக் கரையைக் கொண்டே இதனை விளக்கலாம். ஒருவர் ஐப்பசி மாதத்தில் அக்கரைக்கு வந்து, உப்பளங்களில் வேலை இல்லாமையைக் காண்கின்றார் எனக் கொள்வோம். பின்பு அவர் கடைத்தெருவிற் சென்று, வெளியூரிலிருந்து வந்த வணிகரின் பெயர்களைத் திரட்டி வெளியிடுகின்றார். வேலையின்மையும் மெய்; பெயர்களும் மெய். எனினும், வேலையை நிறுத்தியது மழையேயன்றி வணிகர் அல்லர். மெய்யான இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பொய்யான ஒரு காரணத்தைப் படிப்போர் உள்ளத்திற் பிறப்பித்தல் எளிது. இதுவே பட்டியலின் வலிமை.

அன்றியும், விடுபட்டவரையும் எண்ணுதல் வேண்டும். தாராவியில் தோல் பதனிட்டு உயிர்வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்குத் தொலைபேசி ஏது? அவன் பெயர் பட்டியலில் ஏறவில்லை. ஆயினும், தென்னாட்டார் என்னும் சொல் பகைச்சொல்லான பின், அதிகாரிக்கும் ஏழைக்கும் வேற்றுமை காண்பார் இலர். பின்வந்த ஆண்டுகளில் உடுப்பி உணவகங்களும் தென்னாட்டாரின் சிறு கடைகளும் தாக்குண்டன. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் பம்பாய் வடகிழக்குத் தொகுதியில் நின்ற வி. கே. கிருஷ்ண மேனனையும் தென்னாட்டார் என்று சுட்டிச் சிவசேனை எதிர்த்தது. அவர் தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும், ஒருவர் என்ன செய்தார் என்னும் வினாவின் இடத்தில், எங்குப் பிறந்தார் என்னும் வினா வந்து அமர்ந்தமை நோக்கற்பாலது.

புகழ்ச்சிதான் இத்தலைவரை உயர்த்தும், கண்டனம் வீழ்த்தும் என்று கருதுவோரும் உளர். இங்கிலாந்தின் வரலாறு அதனை மறுக்கின்றது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஈனக் பவல் என்னும் பாராளுமன்ற அங்கத்தினர் பர்மிங்ஹாம் நகரில் குடியேற்றத்தை எதிர்த்துப் பேசினார். பேச்சின் பிரதி முன்னரே பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது; தொலைக்காட்சியாரும் வந்திருந்தனர். அவர்தம் கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் மறுநாளே அவரைப் பொறுப்பினின்று நீக்கினார். லண்டன் 'டைம்ஸ்' அதனைத் தீய பேச்சு எனக் கண்டித்தது. ஆயினும், அக்காலத்துக் கருத்துக்கணிப்பு ஒன்றில் 100க்கு 74 பேர் அவர் கூற்றை ஆதரித்தனர். 'இரத்த ஆறுகள்' என்னும் பெயராலேயே அப்பேச்சு இன்றும் வழங்குகின்றது. அத்தொடரோ அவர் பேச்சில் இல்லை. பழைய உரோமக் காவியம் ஒன்றின் வரியைத் தழுவி அவர் கூறியதைச் சுருக்கிப் பிறர் இட்ட பெயர் அது. கண்டித்தோரும் அவர் சொல்லின் அச்சத்தையே ஊரெங்கும் பரப்பினர் என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின் பத்திரிகைகள் வாய்மூடியிருத்தல் தக்கதோ எனின், அன்று. மக்கள் குறையை மறைப்பின், அதனைப் பேசுவோர் ஒருவரே உண்மையாளர் எனத் தோன்றுவர். குடியேற்றத்திற்கு வரம்பு வேண்டும் என நியாயங் காட்டி வாதிப்போரையும், வந்தோரைப் பகைவராக்கித் தூற்றுவோரையும் ஒரே பெயரிட்டு அழைத்தலும் நேர்மை அன்று. குறையைச் சொல்லுக, அதன் காரணத்தை ஆராய்க, குடியேறியவனுடைய வாய்மொழியையுங் கேட்டு எழுதுக. இதுவே பத்திரிகை அறம்.

இவ்வறம் நமக்கும் உரியது. இன்று தமிழ்நாட்டின் கட்டடங்களிலும் ஆலைகளிலும் உணவகங்களிலும் வடநாட்டுத் தொழிலாளர் உழைக்கின்றனர். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிகார்த் தொழிலாளர் இங்கே கொல்லப்படுகின்றனர் என்று பொய்யான படக்காட்சிகள் பரவின. தமிழ்நாட்டுக் காவல்துறையினர் அவை பொய் என அறிவித்தனர். பிகார் அதிகாரிகள் குழுவினரும் வந்து பார்த்தனர். அதற்கிடையே தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். அப்பொய் தமிழரைக் கொடியோராகக் காட்டிற்று. வடநாட்டாரை இழிவுசெய்யும் பொய்யும் நம்மிடையே பரவாமல் இல்லை. பம்பாயில் பட்ட துன்பத்தை எண்ணி வருந்தும் நாம், அதே பட்டியலை நம் கையால் எழுதலாகாது.

ஆகவே, இத்தகைய செய்தியைப் படிக்குந்தோறும் மாணவர் மூன்று வினாக்களைத் தம்முள் எழுப்புவாராக. எண்ணியவர் யார்? எண்ணப்படாது விடுபட்டோர் யார்? குறைக்கும் சுட்டப்பட்டவர்க்கும் உள்ள தொடர்பு நாட்டப்பட்டதா, வெறுமனே அருகில் வைக்கப்பட்டதா? எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாது, தம்மிடையே வாழும் அந்நியனை ஒடுக்காதிருக்கும்படி இஸ்ரவேலர்க்கு மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிட்டது. பிழைப்பு நாடிப் பல தேசஞ் சென்ற தமிழர்க்கும் அக்கட்டளை பொருந்துவதேயாம்.