முட்டுப் பிரிக்கச் சொல்வது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ முதன்முதலாகத் தனியாக எடுக்கும் வீட்டின் எஸ்டிமேட்டையும் அக்ரிமெண்டையும் படித்தேன். கம்பி அட்டவணை அபாரம். படிக்கட்டுத் திருப்பத்தில் கம்பி எங்கே மடங்க வேண்டும், எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று நீ வரைந்திருக்கும் தெளிவைப் பெரிய அலுவலக வரைபடங்களில்கூட நான் அதிகம் கண்டதில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது. கட்டுவது நீ, பதிவுபெற்ற பொறியாளராகக் கையெழுத்துப் போட்டிருப்பவர் வேறு ஊரில் இருக்கிறார், சைட்டுக்கு வரமாட்டார். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறாய். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, பொறியாளரைப் பதிவு செய்யச் சொல்வது வெறும் முத்திரைக்காகவா?

பார்க்க ஆளில்லாததால்தான் "ரூஃப் போட்ட 5-ஆம் நாள் முட்டுப் பிரிக்கப்படும்" என்று எழுதத் துணிந்திருக்கிறாய். ஹாலின் குறுகிய பக்கமே 16 அடி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 விதிப்படி, நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கே 7 நாள் முட்டு நிற்க வேண்டும். உன் ஹாலைப் போல அதைத் தாண்டினால் 14 நாள். பீம் 6 மீட்டருக்கு மேல் போனால் 21 நாள். இதுவும் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு (ஓபிசி) சொன்ன கணக்கு. நீ வாங்கப்போவது பொசோலானா கலந்த சிமெண்ட் (பிபிசி). அது மெதுவாகத்தான் இறுகும்.

நான் தொழில் கற்ற நாளில் மதுரைப் பக்கம் ஒரு மேஸ்திரி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் போட்ட தளத்தின் மேல் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீர் ஒருநாளும் வற்றாது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். "தேதியை மாத்துங்க. இன்ஜினியர் ஐயா வந்து பார்க்காம முட்டுல கை வைக்க விடமாட்டேன்" என்றார் மேஸ்திரி. சொல்வதற்கு அவருக்கு ஒரு இன்ஜினியர் இருந்தார், தினமும் காலையில் சைட்டுக்கு வந்தார். உனக்கு யார் இருக்கிறார்கள்?

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அங்கே அனுமதியும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. காகிதம் எந்தத் தளத்தையும் தாங்காது.

வீட்டுக்காரரையும் நினைத்துப்பார். சேமிப்பு, நகை, வங்கிக் கடன் எல்லாம் உன் கையில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்கிறது. சுவர் வெடித்தால் அவர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே, நான் வரையவே இல்லை என்பார் கையெழுத்துக்காரர். நான் பொறியாளரே இல்லை என்பாய் நீ. அவர் யாரைப் பிடிப்பார்? சாரத்திலிருந்து சித்தாள் ஒருத்தி விழுந்தால் அவள் பிள்ளைகள் யாரிடம் போய் நிற்பார்கள்?

உன் டிப்ளமோவும் அனுபவமும் எந்தப் பதிவுக்குப் போதும் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேள். அது கிடைக்கும்வரை சைட்டுக்கு வரும் பொறியாளர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய். அவருக்குரிய சம்பளத்தை எஸ்டிமேட்டிலேயே வெளிப்படையாக எழுது. அவர் பெயர் அக்ரிமெண்டில் ஏறும்வரை அந்த வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் வாங்காதே.