யாருடைய யானை? – தாள் மடிப்புக் கலையில் பகிர்வும் மாற்றமும்

சென்ற ஆண்டு நம் கழகம் நடத்திய தமிழ் வாரக் கண்காட்சியில் ஒரு மேசை முழுக்கத் தாள் விலங்குகளை அடுக்கி வைத்திருந்தேன். கொக்கு, தவளை, மீன் என எல்லாரும் அறிந்த உருவங்களுக்கு நடுவில் ஒரு தாப்பிர். மலாயில் தெனுக் என்பார்களே, தலையும் கால்களும் கறுத்து, முதுகில் மட்டும் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் இருக்குமே, அந்த விலங்குதான். அதன்முன் வைத்த அட்டையில் 'உருவாக்கம்' என்று எழுதி என் பெயரைப் போட்டிருந்தேன்.

ஆசிரியரோடு வந்திருந்த தமிழ்ப்பள்ளி மாணவி ஒருத்தி, ஐந்தாம் ஆண்டு படிப்பவளாக இருக்கலாம், அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, இது போன வருஷம் எங்க பள்ளி முகாம்ல மடிச்ச யானைதானே? மூக்கை மட்டும் சின்னதா ஆக்கிட்டீங்க" என்றாள்.

பக்கத்தில் நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது சரி. அந்தத் தன்முனைப்பு முகாமை நடத்தியவர்கள் நம் கழகத்து மூத்த மாணவர்கள். அவர்களிடமிருந்து விடுதி அறை வழியாக என் கைக்கு வந்த அதே யானைப் படங்கள்தாம் அங்கும் போயிருக்கின்றன. நகலுக்கு நகலாக எடுக்கப்பட்ட நான்கு பக்கங்கள். மொத்தம் 38 படிகள். தலைப்புப் பக்கம் இல்லாததால் வடிவமைத்தவர் பெயரும் இல்லை. முதல் 28 படிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்பின் தும்பிக்கையைக் குறுக்கி, காதுகளைச் சிறிதாக்கி, முதுகில் தாளின் வெள்ளைப் பக்கம் தெரியுமாறு புரட்டிவிட்டேன். அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரப் பெருமையில் மற்ற 28 படிகள் மறந்துபோயின.

"ஆமாம், கொஞ்சம் அதேபோலத்தான்" என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அதற்குப் பிறகு இதைப் பற்றிப் படித்தும் மடித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தாள் மடிப்பை ஜப்பானியர் ஒரிகாமி என்பர். 'ஒரி' என்பது மடிப்பு, 'காமி' என்பது தாள். நாம் எல்லாரும் அறிந்த கொக்கை முதலில் மடித்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. 1797இல் கியோத்தோவில் அச்சான 'ஹிடென் சென்பாசுரு ஒரிகாத்தா' என்னும் நூல், ஒரே தாளில் வெட்டுகள் இட்டு, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கொக்குகளை மடிக்க 49 வகைகளைக் காட்டுகிறது. ஆக, அந்நூல் வெளிவந்தபோதே கொக்கு பழையதாகிவிட்டது. அதை வைத்து மாற்றிப் பார்க்கும் விளையாட்டும் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் கால்வாயில் நாம் விட்ட கத்திக்கப்பலும் அப்படித்தான். யாருடைய கப்பல் என்று கேட்டால் விட்டவன் பெயரைச் சொல்வோமே தவிரக் கண்டுபிடித்தவன் பெயரை அல்ல.

மடித்தவரின் பெயரைக் கேட்கும் வழக்கம் வலுப்பெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். அதில் பெரும்பங்கு அகிரா யோஷிசாவா (1911–2005) என்பவருக்கு உண்டு. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வறுமையைப் பொருட்படுத்தாமல் தாள் மடிப்பையே வாழ்வாக்கிக்கொண்டவர் அவர். 1954இல் வந்த அவருடைய நூலில் மடிப்புகளைக் கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் முறை இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெட்டும், மாயவித்தைக் கலைஞரான ராபர்ட் ஹார்பினும் அம்முறையை எடுத்துக்கொண்டு மேலும் சில குறிகளைச் சேர்த்துப் பரப்பினர். இன்று எந்த நாட்டு நூலைப் புரட்டினாலும் ஏறக்குறைய அதே குறிகள்தாம். ஜப்பானிய எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாத நான் ஜப்பானிய நூலைப் பார்த்து மடிக்க முடிவது அதனால்தான்.

முன்பெல்லாம் ஒருவர் அருகில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால்தான் உருவம் இன்னொருவருக்குப் போகும். படம் வந்தபிறகு உருவம் தனியாகவே ஊர்சுற்றத் தொடங்கியது. என் கையிலிருந்த நான்கு பக்கங்களும் அப்படி வழியில் பெயரைத் தொலைத்தவையே.

சரி, ஒரு யானையை வடிவமைப்பதில் அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்கு விடைகாணச் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும்.

தாள் விலங்கின் ஒவ்வொரு காலும், வாலும், தலையும் தாளிலிருந்து நீண்டு பிரியும் ஒரு மடல். ஒரு மடலுக்கு எவ்வளவு தாள் செலவாகும்? கயிற்றில் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சதுரமான வயலின் மூலையில் முளை அடித்துக் கட்டினால் அது கால்வட்டம் மேயும். வேலியோரத்தின் நடுவில் கட்டினால் அரைவட்டம். வயலின் நடுவே கட்டினால் முழுவட்டம். கயிற்றின் நீளம்தான் மடலின் நீளம். மேயும் நிலம்தான் அந்த மடல் விழுங்கும் தாள். ஒரு மாட்டின் நிலத்தில் இன்னொரு மாடு மேயக்கூடாது, அவ்வளவுதான் விதி. அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் லாங்கும், ஜப்பானில் தோஷியுகி மெகுரோவும் தனித்தனியே கண்டடைந்த வட்ட முறையின் சாரம் இது. மாட்டைக் கட்டியது மட்டும் நான். லாங் 2003இல் வெளியிட்ட பெருநூலில் இதை விரிவாகக் காணலாம்.

இப்போது 15 சென்டிமீட்டர் சதுரத் தாளை எடுங்கள். நான்கு மூலையிலும் நான்கு மாடுகளைக் கட்டினால் கயிறு 7.5 சென்டிமீட்டர்வரை நீளலாம். அதுதான் கொக்கின் அடிவடிவம்: கழுத்து, வால், இரு சிறகுகள். நடுவிலும் ஒரு மாட்டை அதே நீளக் கயிற்றில் கட்டவேண்டும் என்றால் எல்லாக் கயிறுகளும் சுமார் 5.3 சென்டிமீட்டராகக் குறையவேண்டும். அது தவளையின் அடிவடிவம்: நான்கு மூலைகள் கால்கள், நடு முனை தலை. வேலியோரங்களில் மிஞ்சும் இடத்தில் 2.2 சென்டிமீட்டரில் நான்கு குட்டை மடல்கள் கிடைக்கும். ஒரேயொரு மடல் கூடியதற்கு ஒவ்வொரு மடலும் 2.2 சென்டிமீட்டரை இழந்திருக்கிறது.

நாலுகால் விலங்குக்குத் தலை, வால் சேர்த்து ஆறு மடல்கள் வேண்டும்; முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே உடம்பும் வேண்டும். இது கடினம் என்பதால்தான் பழைய நூல்களில் பல விலங்குகள் முன்பாதி ஒரு தாள், பின்பாதி ஒரு தாள் என்று இரண்டு தாள்களில் மடிக்கப்பட்டன. ஜான் மாண்ட்ரோல் 1979இல் வெளியிட்ட நூல் போன்றவை வந்தபிறகே வெட்டாமல், ஒட்டாமல், ஒரே சதுரத்தில் நாலுகால் விலங்குகளை மடிப்பது இயல்பாயிற்று.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. தவளை அடிவடிவம் ஊருக்குப் பொது. அதில் ஐந்து நீள மடல்கள் உண்டு. தாப்பிரின் வாலோ குட்டை, 2.2 சென்டிமீட்டரே அதிகம். அப்படியானால் யாருடைய யானையையும் தொடாமல் தவளையிலிருந்தே தாப்பிரை மடித்துவிடலாமே! தேர்வு விடுமுறை முழுவதும் முயன்றேன். கால் வந்தது, மூக்கு வந்தது, வாலும் வந்தது. உடம்பு வரவில்லை. தவளையில் நான்கு கால்களும் ஒரே இடத்திலிருந்து பிரிகின்றன. உடம்புக்கு இடம்விடக் கால்களின் வேர்ப்பகுதியைக் கொடுக்கவேண்டும்; கொடுத்தால் கால்கள் குட்டையாகும். கடைசியில் மேசைமேல் நின்றது கூன்விழுந்த பன்றிக்குட்டி. என் தங்கை அதை ஆமை என்றாள்.

பெயர் தெரியாத அந்த மனிதர் முதல் 28 படிகளில் என்ன செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முன்கால்களையும் பின்கால்களையும் பிரித்து, நடுவில் உடம்பை வைத்து, முதுகை வாய்பிளக்காமல் மூடி, தும்பிக்கைக்கு வேண்டிய நீளத்தையும் மிச்சம் பிடித்திருக்கிறார். அதற்குமேல் நான் செய்தது வண்ணத்தைப் புரட்டியதும் மூக்கை நறுக்காமல் குறுக்கியதும். அதுவும் வேலைதான், வெள்ளை முதுகு எளிதில் வரவில்லை. ஆனால் 'உருவாக்கம்' என்ற சொல் அதற்குப் பெரிது.

இந்த வேறுபாடு நீதிமன்றம்வரைக்கும் போயிருக்கிறது. உருவத்தை மடித்துவிட்டு மீண்டும் பிரித்தால் தாளில் கோடுகள் மட்டும் தெரியும். அந்தக் கோட்டு வரைபடத்தையே வடிவமைப்பாளர்கள் வெளியிடுவதுண்டு. ஓவியர் சாரா மோரிஸ் அத்தகைய வரைபடங்களை எடுத்து வண்ணம் தீட்டித் தம் ஓவியங்களாக்கினார் என்று கூறி, லாங் உள்ளிட்ட ஆறு கலைஞர்கள் 2011இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். 2013இல் இருதரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. வரைபடங்களை ஆக்கியவர்களின் பெயர்களும் குறிக்கப்படும் என்றாயிற்று. பணத்தைவிடப் பெயர்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

நம்மவர்களில் சிலர், "கலை என்றால் பொதுச்சொத்துதானே, கோலத்துக்கு யாராவது பெயர் போடுகிறார்களா?" என்று என்னிடம் வாதிட்டார்கள். நல்ல கேள்வி. தீபாவளி விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் கோல நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினைந்து புள்ளிக் கோலத்தைப் பதினொன்றாகக் குறைத்திருக்கிறார். தாமரையை எடுத்துவிட்டு மயில் வைத்திருக்கிறார். எல்லாம் மாற்றம்தான். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் சிறிய எழுத்தில் 'தெலுக் இந்தான் சித்தி', 'பழைய வீட்டு லட்சுமி அக்கா', 'கோயில் திருவிழாவில் பார்த்தது' என்று எழுதியிருக்கிறது. வாசலில் போடும்போது பெயர் இல்லைதான். நோட்டில் இருக்கிறது.

தாள் மடிப்புக் கண்காட்சிகளிலும் இதைப் போன்ற வழக்கமே உண்டு. அட்டையில் வடிவமைத்தவர் பெயர் ஒன்று, மடித்தவர் பெயர் ஒன்று என இரண்டு போடுவார்கள். பழையதானால் 'மரபு' என்பார்கள். மாற்றியிருந்தால் யாருடையதிலிருந்து மாற்றியது என்பதையும் சேர்ப்பார்கள்.

இம்மலரின் ஆசிரியர் குழுவினர் தாப்பிரின் செய்முறைப் படங்களை வெளியிடக் கேட்டார்கள். 29ஆம் படியிலிருந்து கொடுக்கலாம்; ஆனால் 28 படி இல்லாத 29ஆம் படியால் யாருக்கும் பயனில்லை. முதல் 28ஐ அச்சிட எனக்கு உரிமை இல்லை. ஆகவே கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கழகத்தின் சனிக்கிழமை வகுப்பில் கொக்கையும் தவளையையும் கற்றுக்கொடுக்கிறேன். முதல் வகுப்பில் என் வாயில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லுமே வந்தன. இடைநிலைப்பள்ளியில் அப்படித்தான் பழகியிருந்தேன். இப்போது மேட்டு மடிப்பு, பள்ள மடிப்பு, உள்புரட்டு, முயல்காது என்று சொல்கிறோம். 'முயல்காது' என்றதும் பிள்ளைகள் விளக்கம் கேட்காமலே மடிக்கிறார்கள்.

இவ்வாண்டுக் கண்காட்சியில் தாப்பிர் மீண்டும் இடம்பெறும். அட்டையில் 'மாற்றியதும் மடித்ததும்' என்பதற்கு எதிரே என் பெயர் இருக்கும். 'மூல யானை' என்பதற்கு எதிரே இடம் காலியாக உள்ளது.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நகலின் இரண்டாம் பக்கத்தில் கீழ்மூலையில் 47 என்ற எண் பாதி அழிந்து தெரிகிறது. 17ஆம் படியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 'மெதுவா, காது கிழியும்' என்று தமிழில் எழுதியிருக்கிறார். அது உங்கள் கையெழுத்தாக இருந்தால், எந்த நூலிலிருந்து நகல் எடுத்தீர்கள் என்று கழகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.