அகதியும் ஊராரும்

தஞ்சம் புகுந்தோர்க்கு உணவளிப்பதோடு கடமை முடிந்துவிடுமா? உகாண்டா நாட்டு யும்பே மாவட்டத்தின் அனுபவத்தை ஆராய்வோம்.

தென் சூடானின் உள்நாட்டுப் போரினால் அகதிகள் பெருகவே, 2016 ஆகஸ்டில் அம்மாவட்டத்துப் பிடிபிடியில் குடியிருப்பு அமைந்தது. நிலம் தந்தவர் ஊரார். அவருள் பலர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூடானில் அகதிகளாக வாழ்ந்தவர்களே. வந்த குடும்பங்களுக்கு வீட்டிற்கும் தோட்டத்திற்கும் மனை கிடைத்தது. தொழில் செய்யும் உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே வழங்கியிருந்தது.

ஆயினும் விறகும் நீரும் அருகவே, ஊராரிடையே மனக்குறை எழுந்தது. இதற்குப் பரிகாரம் யாது? உதவியில் நூற்றுக்கு 30 பங்கு ஊராருக்கும் பயன்படவேண்டும் என்பது அந்நாட்டார் வகுத்த நெறி. அதன்படி பள்ளியும் மருத்துவ நிலையமும் இரு சாராருக்கும் பொதுவாயின.

வந்தவருக்கெனத் தோண்டும் கிணற்றில் ஊராரும் நீர் மொள்ளவேண்டும். அப்பொழுதே வரவேற்பு நிலைக்கும் என்பது நாம் கற்கும் பாடமாகும்.