நெல்லை அரிசியாக்கி விற்குமுன் செய்யவேண்டிய சோதனை

நெல்லை நெல்லாகவே விற்பதிலும் பார்க்க, புழுங்கலரிசியாக்கிப் பொதிசெய்து விற்றால் இலாபம் கூடும் என்னும் எண்ணம் கமக்காரர் பலரிடம் உண்டு. எண்ணம் நல்லதே. ஆயினும், அதனை நம்பி நகையை ஈடுவைத்து முதலிலேயே ஆலை இயந்திரம் வாங்குதல் முறையன்று. புதிய நெல்லினம் கிடைத்தால், அனுபவமுள்ள கமக்காரர் வயல் முழுவதிலும் அதனை விதைப்பதில்லை. ஒரு மூலையில் விதைத்துப் பார்ப்பார். விற்பனையையும் அவ்வாறே சிறிதாகச் செய்து பார்த்தல் வேண்டும்.

இம்முயற்சி சில ஊகங்களின்மேல் நிற்கின்றது. நெல்லைப் பதமாக அவிக்கலாம் என்பது ஒன்று. இது வீட்டுப் பெண்கள் நன்கறிந்த வேலை. 100 கிலோ நெல்லில் சுமார் 65 கிலோ அரிசி தேறும் என்பது இன்னொன்று. பதரும் குறுநொய்யும் மிகுந்தால் இது குறையுமாதலால் நிறுத்தே அறிதல் வேண்டும். முன்பின் அறியாதவர் காசு கொடுத்து வாங்குவர், வாங்கியவர் மீண்டும் வருவர் என்பது மூன்றாவது. இது பொய்த்தால் மற்றவை சரியாயிருந்தும் பயனில்லை. பலர் முதலிரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இதனைப் பாராமலே கடன்படுகின்றனர்.

சோதனைக்கு 100 கிலோ நெல் போதும். அவித்து, ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்தி, அயலிலுள்ள ஆலையிற் கூலிக்குக் குற்றுவித்து, ஒவ்வொரு கிலோவாகப் பொதிசெய்க. ஐந்து பொதிகளை இரண்டு மாதம் திறவாது வைத்து, வண்டு விழுகின்றதா, சிக்குமணம் உண்டாகின்றதா எனப் பார்க்கவேண்டும். எஞ்சியவற்றைக் கூட்டுறவுக் கடையிலோ சந்தையிலோ, பின்னர் விற்க எண்ணிய அதே விலைக்கு வைக்கவேண்டும். விலையைக் குறைத்தால், மலிவுக்காக வாங்கினரா அரிசிக்காக வாங்கினரா என்பது தெரியாது போகும். இனசனத்தாருக்கு இனாமாகக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பதிற் பயனில்லை. இனாமாக வந்த அரிசிக்குக் குறை சொல்பவர் யார்?

எத்தனை பொதி விற்றால் மேலே செல்வது என்பதைத் தொடங்குமுன்னரே எழுதிவைத்தல் வேண்டும். உதாரணமாக, ஆறு வாரத்தில் 50 பொதி விற்று, பத்துக் குடும்பத்தவராவது மறுமுறை வாங்கியிருத்தல். பின்னர் எழுதினால் மனம் தனக்கேற்ற கணக்கையே எழுதும்.

வாங்காது சென்றவர் கூறும் காரணத்தையும் குறித்துக்கொள்க. "கல் இருக்கின்றது" என்றால் அது திருத்தக்கூடிய குறை. "எங்கள் வீட்டிலும் நெல் இருக்கின்றது" என்றால், அரிசி எவ்வளவு நன்றாயினும் அவ்வூரில் விலைபோகாது. நகரக் கடையொன்றிற் சோதித்தல் வேண்டும்.

விறகு, குற்றுகூலி, பை, ஏற்றுகூலி, வீட்டார் உழைப்பு ஆகியவற்றை வரவிலிருந்து கழித்து, தவிட்டின் பெறுமதியைக் கூட்டி, மிஞ்சுவதை அந்நெல்லின் அன்றைய விலையுடன் ஒப்பிடுக. மிச்சம் அற்பமாயின் இயந்திரம் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடலாம். விற்காத அரிசி வீட்டுச் சோற்றுக்காகும்.

பொதியில் எழுதவேண்டிய விபரங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்க.