பின்சீற்றுக்குக் கீழே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பந்தயத்துக்காகப் பின்சீற், கம்பளம், சத்தம் தடுக்கும் தார்த்தாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டாய். கார் உள்ளே வெறும் தகரமாக நிற்கிறது. பாரம் குறைந்த சந்தோசம் உன் எழுத்திலும் தெரிகிறது. ஆனால் மூன்றாவது படத்தில், பின்சீற் இருந்த இடத்தில், ஒரு வட்ட மூடியும் பக்கத்தில் இரண்டு ஓட்டைகளும் தெரிந்தன. அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

அந்த மூடிக்குக் கீழேதான் பெற்றோல் பம்ப் இருக்கிறது. வீதிக்கென்று செய்த காரில் சீற்றும் கம்பளமும் தகரமும் சேர்ந்துதான் பெற்றோல் தாங்கிக்கும் உனக்கும் நடுவில் சுவராக நின்றன. அதில் பாதியை நீ பாரம் என்று கழற்றிப் போட்டுவிட்டாய். ரயர், சஸ்பென்ஷன் எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த ஓட்டைகளை உலோகத் தகடு வைத்து இறுக மூடு. றப்பர் அடைப்பான்கள் போதாது, தீயில் அவை எரிந்து விழுந்துவிடும்.

மொன்றியலில் நொத்ர் டாம் தீவின் ஓடுபாதையில் ஒருநாள் ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஓடுபாதையில் 1982 ஜூன் 13 அன்று நடந்ததை நீ அறிந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்புதான் பந்தய வீரர் ஜில் வில்நோவ் பெல்ஜியத்தில் இறந்திருந்தார். பந்தயம் தொடங்கும் இடத்தில் பிரோனி என்ற வீரரின் பெராரி எஞ்சின் நின்றுபோய் அசையாமல் நின்றது. பின்வரிசையிலிருந்து வேகமெடுத்து வந்த ரிக்கார்டோ பலெற்றி அதில் மோதினார். வயது 23, இரண்டு நாள் கழித்துப் பிறந்தநாள். தாங்கி நிறையப் பெற்றோல். மருத்துவர் சிட் வொற்கின்ஸ் காருக்குப் பக்கத்தில் நிற்கும்போதே அது தீப்பிடித்தது. பலெற்றி இறந்தது மோதலின் காயங்களால்தான், தீயால் அல்ல. ஆனாலும் அவரைக் காப்பாற்ற வந்தவர்கள் அந்தத் தீயை அணைக்கத்தான் முதலில் போராட வேண்டியிருந்தது.

2020 நவம்பரில் பஹ்ரேனில் பந்தய வீரர் குரோஜான் தீக்குள்ளிருந்து தானே ஏறி வெளியே வந்ததை நீயும் பார்த்திருப்பாய். அந்த விபத்தை ஆராய்ந்தபோது, தாங்கியின் சோதனை மூடி பெயர்ந்ததும், எரிபொருள் குழாயின் இணைப்பு தாங்கியிலிருந்து பிய்ந்ததும் தெரியவந்தன. உலகத்தின் மிகச் சிறந்த தாங்கிக்கும் பலவீனம் மூடியிலும் இணைப்பிலும்தான்.

ஆகவே தாங்கியைவிட இணைப்புகளையே கூடுதலாகப் பார். உன் கார் மொன்றியல் வீதி உப்பில் பல பனிக்காலம் ஓடியது. அடியில் போகும் இரும்புக் குழாய் நடுவில் பளபளப்பாக இருக்கும். கிளிப் பிடிக்கும் இடத்தில் உப்பும் ஈரமும் தங்கி உள்ளே அரித்திருக்கும். ஒருமுறை நான் கிளிப்பைத் தளர்த்தியவுடனே குழாய் கையோடு உடைந்து வந்தது. முழுக் குழாயையும் மாற்று, ஒட்டுப் போடாதே. இன்ஜெக்ஷன் எஞ்சினில் அழுத்தம் 3 பார் அளவில் இருக்கும். பழைய கார்பரேற்றர் ஹோஸ் அதைத் தாங்காது. குழாய் உள்ளே போகத்தான் வேண்டுமென்றால், நீ இருக்கும் பகுதிக்குள் ஒரு இணைப்பும் வரக்கூடாது.

பம்புக்குத் தனி சுவிச் வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம், தம்பி. எஞ்சின் நின்றால் பம்ப்பையும் நிறுத்த வீதிக்காரின் கணினிக்குத் தெரியும். உன் சுவிச்சுக்குத் தெரியாது. கார் கவிழ்ந்து நீ மயங்கிக் கிடந்தாலும் அது பெற்றோலை இறைத்துக்கொண்டே இருக்கும்.

பழைய றேஸ் தாங்கி ஒன்று மலிவாக வருகிறது என்கிறாய். உள்ளே இருக்கும் றப்பர் பையின் திகதியைப் பார். பந்தய அமைப்பான எஃப்ஐஏயின் சான்றுள்ள பை செய்த நாளிலிருந்து 5 வருடம் செல்லும். பிறகு தயாரித்தவரே சோதித்து நீட்டினால் இன்னும் 2 வருடம். அந்தத் தாங்கியைக் காரின் பின்பெட்டிக்குள் வைத்தால் பின்னாலிருந்து இடிக்கும் காருக்கு நேரே நிற்கும். உன் பழைய தாங்கியோ பின் அச்சுக்கு முன்னால், சில்லுகளுக்கு நடுவே இருக்கிறது. விதி அனுமதித்தால் முதல் வருடம் அதையே வைத்திரு என்பேன். பந்தயம் பழகியவர்களில் சிலர் இதை மறுப்பார்கள். தாங்கியை மாற்றத்தான் போகிறாய் என்றால் அதற்கும் உனக்கும் நடுவில் தீச்சுவர் கட்டு. தாங்கியின் காற்றுக்குழாயில், கார் கவிழ்ந்தால் அடைபடும் வால்வு போட்டு, அதன் முனையைக் காருக்கு வெளியே விடு.

ஜனவரியில் கராஜ் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்வாய் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். குளிரில் பெற்றோல் பற்றாது என்று நினைக்காதே. சுமார் −40 பாகையிலும் அது பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்துபோய், மூலையில் இருக்கும் ஹீற்றரின் சின்னச் சுவாலையைத் தேடிப் பிடிக்கும். வெறுமையான தாங்கிதான் கூட ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி. அதன் பக்கத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் வருகிறேன். பற்றரியின் எதிர்முனையை மட்டும் கழற்றி வை, ஹீற்றரை அணைத்துக் கதவைத் திறந்து விடு. அந்த வட்ட மூடியை நான் வரும்வரை தொடாதே. தீயணைப்பான் இரண்டு கொண்டுவருகிறேன், ஒன்று உன் கராஜிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்